என் பொண்ணு மேல கல்லு பாக்குறா

எண்பதுகளின் நடுப்பகுதி. கத்திரி வெயில் தொடங்கச் சில நாட்களே இருந்தன. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் பலர் பிற்பாடு எங்களுக்கு வேண்டியவர்களாகிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு மத்தியானம் நான் பட்ட பயத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்குகிறது.

நான் அப்போது நிலவியலில் ஆராய்ச்சி மாணவி. வேலை என்னவென்று கேட்டால், மலை மலையாக ஏறி, வெயிலில் வெளுத்துப்போன மேல்தோலைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நல்ல கல்லில் ஒரு துண்டு உடைத்து, நம்பர் போட்ட துணிப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வருவது. அந்தக் கல் பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் உருவானது என்று பிறகு கண்டுபிடிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "அப்ப குவாரி வேலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள்.

கூடப் படித்த பையன்களை "போய்ட்டு வாப்பா" என்று அனுப்பிவிடும் பேராசிரியர், என்னிடம் மட்டும் "கூட யார் வருவாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் வீட்டிலும் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டாள். கடைசியில் அப்பா வந்தார்.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எனக்கு முன்னால் குளித்து, நெற்றிக்கு இட்டு, கறுப்புக் குடையும் ஒரு ஜோல்னாப் பையுமாக வாசலில் நிற்பார். நான் புடவை மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, காலில் கான்வாஸ் ஷூவோடு வருவேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் தெரு நாய்க்குக்கூடச் சிரிப்பு வரும். விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் மாறி, சாலையில் இறங்கி நடப்போம். நான் மலை ஏறுவேன். அவருக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. கீழே ஏதாவது மரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பக்கத்து மலைகளில் பலவற்றின் உச்சியில் கோயில் உண்டு. நாங்கள் போன மலையிலும் ஒன்று இருந்தது. அதனால் பஸ்ஸில் யாராவது, "மலைக் கோயிலுக்குங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அப்பா சொல்ல மாட்டார். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "இல்லீங்க, என் பொண்ணு கல்லு ஆராய்ச்சி பண்றா. மலை மேல ஏறிக் கல்லு பாக்குறா" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பிள்ளைகளைக் கண்டால் கூப்பிட்டுப் பெயர் கேட்பார், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார், பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்துக் கொடுப்பார். எந்த ஊர் மரத்தடியில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு சின்ன வகுப்பே நடக்கும்.

அந்தக் கோடையில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ பெரிய பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், பிள்ளைகளை மயக்க மருந்து கொடுத்துப் பிடித்துப் போய்க் காவு கொடுக்கிறார்களாம். ரேஷன் கடை வரிசையில் கேட்டுவிட்டு வந்து அம்மா சொன்னாள். நானும் அப்பாவும் சிரித்தோம். இந்த வதந்திக்கும் அப்பாவின் பெப்பர்மிண்ட்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அன்றைக்கு நாங்கள் அந்த ஊருக்குப் போவது முதல் தடவை. ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடியில் அப்பா உட்கார்ந்தார். நான் எனக்கு வேண்டிய சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முந்தின வாரம் திருவக்கரையைத் தாண்டிச் சுண்ணாம்புக் கல் பார்க்கப் போயிருந்தபோது கொண்டுபோன ஆசிட் பாட்டில் அப்பாவின் பையிலேயே இருந்தது. சுண்ணாம்புக் கல் மேல் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், அதற்காகத்தான். தண்ணீர் கலந்த ஆசிட் என்றாலும் வாயில் பட்டால் வெந்துபோகும். இந்த மலையில் கருங்கல்தான், ஆசிட் தேவையில்லை என்று விட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

மேலே போன பிறகு நான் வேலைக்கு நடுவில் ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் கீழே பார்ப்பேன். புளியமரத்து நிழலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு அந்தக் கறுப்புக் குடை தெரியும். அது தெரிந்தால் எனக்கு ஒரு தைரியம். வெளியில் சொல்ல மாட்டேன், எனக்கு எதற்குக் காவல் என்று வீம்பு பேசிக்கொண்டு திரிந்தவள் நான்.

பிறகு மலைக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே நான் வாரக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த ஒன்று கண்ணில் பட்டது. கருங்கல்லுக்குள் குங்குமம் சிதறின மாதிரி சிவப்புச் சிவப்பாகக் கார்னெட் என்கிற செம்மணிகள். கல் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் உருவானது என்று காட்டிக்கொடுப்பவை அவைதான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடைத்தேன், குறித்தேன், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உடைத்தேன். பசி, தாகம், நேரம் எதுவும் நினைவில் இல்லை. இதை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முகட்டுக்கு வந்து கீழே பார்த்தேன்.

புளியமரம் இருந்தது. குடை இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். குடை கொஞ்சம் தள்ளி ஏரிச் சரிவில் கிடந்தது. விரித்தபடி, தலைகீழாக, காற்றுக்கு அரை வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா குடையை அப்படிப் போடுகிற ஆளே இல்லை. மடித்து, பட்டன் போட்டு, மடியில் வைத்துக்கொள்கிறவர். வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாரோ, பாம்பு ஏதாவது கடித்துவிட்டதோ என்று ஓடினேன். ஏறின வழியை விட்டுவிட்டுக் குறுக்கே, பாறையில் வழுக்கி, முள்ளில் கிழித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் ஊருக்குள்ளிருந்து ஒரு பெண் கதறி அழுகிற சத்தம் கேட்டது. செத்த வீட்டு அழுகை அது. அப்பா போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு எப்படித் தகவல் சொல்வது என்றுகூட ஓடுகிற ஓட்டத்திலேயே மனசு யோசித்தது.

ஊர் நடுவில் ஒரு சின்ன அம்மன் கோயில். அதன் பக்கத்தில் வேப்பமரம். ஊரே அங்கே கூடியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா உயிரோடு இருந்தார். வேப்பமரத்தில் அவரைக் கட்டி வைத்திருந்தார்கள். அவருடைய சொந்தத் துண்டாலேயே கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வேட்டியில் சொட்டியிருந்தது. கண்ணாடியைக் காணோம். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது, குரல் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஒரு வாலிபன் ஆசிட் பாட்டிலை மூடி திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

நடந்ததை நான் பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து அந்த ஊரில் ஒரு பெண் குழந்தையைக் காணவில்லை. கடைசியாக அவளைப் பார்த்தது ஏரிக்கரையில், வெளியூர்ப் பெரியவர் ஒருவரிடம் மிட்டாய் வாங்கும்போது. பிடித்து விசாரித்திருக்கிறார்கள். பையில் ஒரு பாட்டில். அந்த வாலிபன் மூடியைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்ததும் நெடி ஏறி இருமித் தடுமாறியிருக்கிறான். மயக்க மருந்து என்று முடிவாகிவிட்டது. நீ யார், இங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு அப்பா, பஸ்ஸில் சொல்வதையே சொல்லியிருக்கிறார். என் பொண்ணு மேல கல்லு பாக்குறா, இப்ப வந்துடுவா, அவளையே கேளுங்க.

அதைக் கேட்டபிறகுதான் அடியே விழுந்திருக்கிறது. பெற்ற பெண்ணைத் தனியாக மலை மேல் கல் உடைக்க அனுப்பிவிட்டு எந்த அப்பனாவது கீழே உட்கார்ந்திருப்பானா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று அவர்களுக்கு ஆத்திரம். அவர் திருப்பித் திருப்பி அதையே சொல்ல, அவர்கள் திருப்பித் திருப்பி அடித்திருக்கிறார்கள்.

நான் "அப்பா" என்று கத்தினேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "வந்துட்டியாம்மா? சொல்லு, இவங்க கிட்ட சொல்லு" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நான் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாரே, இவர்கள் என்னையா நம்பப் போகிறார்கள் என்று தோன்றியது.

"கூட்டாளி வந்துட்டாடா" என்று யாரோ சொன்னார்கள். என் தோளிலிருந்து பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். சுத்தியல் விழுந்தது. உளி விழுந்தது. நம்பர் போட்ட துணி மூட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அப்புறம் என் நிலப்படம். அதில் கல் எடுத்த இடங்களில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை விரித்துப் பக்கத்து ஊர்களின் பெயர்களைப் படித்தார். ஊர் ஊராகக் குறித்து வைத்திருக்கிறாள் என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எந்தெந்த ஊரில் பிள்ளை பிடிக்க வேண்டும் என்ற கணக்காம் அது.

நான் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி, பட்டம் என்று என்னென்னவோ சொன்னேன். அந்த வாலிபன் என்னைக் கவனிக்கவே இல்லை. பாட்டிலை அப்பாவின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

"மயக்க மருந்து இல்லன்ற இல்ல? அப்ப குடி. குடிச்சிக் காட்டிட்டுப் போய்க்கினே இரு" என்றான்.

அப்பாவின் தாடையை ஒருவன் பிடித்துத் தூக்கினான். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். என் புறங்கையில் கொஞ்சம் சிந்தி எரிந்தது. இது மருந்து இல்லை, ஆசிட், கல்லைச் சோதிக்கிறது, இதோ பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே கோயில் சுவரில் ஊற்றினேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஊற்றின இடமெல்லாம் புசுபுசுவென்று நுரைத்துக்கொண்டு வழிந்தது.

வகுப்பில் இதைச் செய்து காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். இங்கே கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது. "செவுத்தையே தின்னுதுடா" என்றார் ஒருவர். இன்னொருவர் சூனியம் என்றார். மயக்க மருந்து என்று நினைத்தவர்கள் இப்போது பிள்ளையின் முகத்தில் இதை ஊற்றிவிட்டார்களோ என்று நினைத்தார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து அப்பாவின் தோளில் விழுந்தது. நான் படித்த படிப்பை வைத்து எங்களைக் காப்பாற்றப் பார்த்தேன். அது நிலைமையை முன்னைவிட மோசமாக்கிவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

அப்போது குழந்தையின் அம்மா வந்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அடிக்கவில்லை. தொப்பென்று என் காலில் விழுந்து ஷூவைக் கட்டிக்கொண்டாள்.

"எம் புள்ளய எங்க வெச்சிகினு இருக்கீங்க? குடுத்துடு தாயி. ஒண்ணும் செய்யாம அனுப்ப சொல்றேன். எம் புள்ளய மட்டும் குடுத்துடு."

என் வாழ்க்கையிலேயே நான் கேட்டுத் தாங்க முடியாமல் போன வார்த்தைகள் இவைதான். கொடுப்பதற்கு என்னிடம் அவள் பிள்ளை இல்லை. நானும் அழுதேன். நான் அழுவதைப் பார்த்துக் குற்றம் செய்தவள் அழுகிறாள் என்று கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. ஒரு கை என் தலைத்துண்டோடு முடியைப் பிடித்து இழுத்தது.

"அவள உடு. அவ கைய நானு பாக்கணும்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். நாற்பது வயது இருக்கும். என்னைப் போலவே புடவை மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. சாலை ஓரத்தில் குவியல் போட்டு ஜல்லி உடைக்கிறவள். சத்தம் கேட்டுக் கையில் சின்னச் சுத்தியலோடு அப்படியே வந்திருக்கிறாள். காலனிக்காரி. ஊர் நடுவில் வந்து அவள் குரல் கொடுத்ததே சிலருக்குப் பிடிக்கவில்லை. உனக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவர் அதட்டினார். அவள் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. கீழே கொட்டிக் கிடந்த மூட்டைகளில் ஒன்றை அவிழ்த்துக் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பிடித்து விரித்தாள். விரல்களின் அடியில் காய்த்துக் கெட்டியாகியிருந்த தோலைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இடது கையையும் இழுத்துப் பார்த்தாள். அந்தக் கட்டை விரல் நகம் கறுத்துப்போய் இருந்தது. குறி தப்பி நானே அடித்துக்கொண்டது.

ஒரு கருங்கல்லை என் முன்னால் காலால் தள்ளினாள். "இந்தா, இத்த ஒடை" என்றாள்.

என் சுத்தியலை எடுத்தேன். கை உதறிக்கொண்டிருந்தது. முதல் அடி கல்லில் படவே இல்லை, மண்ணில் இறங்கியது. யாரோ சிரித்தார்கள். அடுத்த அடி வழுக்கிவிட்டது. அப்பாவின் மூச்சு என் பின்னால் கேட்டது. கல்லைத் திருப்பி வைத்தேன். எந்தப் பக்கம் அடித்தால் பிளக்கும் என்று பார்த்தேன். பார்க்க ஆரம்பித்ததும் கை தானாக நின்றது. அடித்தேன். கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இவ நெசமாலுமே கல்லு ஒடைக்கிறவதான். இந்தக் காப்பு புள்ள புடிச்சா வராது. நானும் காலையிலேந்து மலை மேல சுத்தியல் சத்தம் கேட்டுகினுதான் இருக்கேன். எவன்டா அது, நம்ம மலையில வந்து ஒடைக்கிறவன்னு பாத்தேன். இவதான்."

பிறகு என்னிடம், எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஷூ, அப்பாவின் சட்டை, தலைத்துண்டு, கறுத்த நகம்.

"நானு இஸ்கூல் பக்கமே போவல. வெயில்ல குந்திகினு கல்லு ஒடைக்கிறேன். நீ அம்மாம் படிச்சிட்டும் வெயில்ல நின்னுகினு கல்லுதான் ஒடைக்கிற. இதுக்காம்மா இவ்ளோ பேஜாரு பட்டுப் படிச்ச?"

கூட்டத்தில் எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒரு கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். எங்களை நெருக்கிக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் விலகியது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்புதான் எங்கள் உயிரைக் காப்பாற்றியது. சிரித்துவிட்ட பிறகு மறுபடி கல்லெடுக்க அவர்களுக்கும் ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் விட்டுவிடவில்லை. கட்டை அவிழ்த்தார்கள். பிள்ளை கிடைக்கிற வரைக்கும் இரண்டு பேரும் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். கோயில் ஓரமாக உட்கார்ந்தோம். அப்பாவின் கை மரத்துப்போய்த் தொங்கியது. தேய்த்துவிட்டேன். அந்தக் குழந்தையின் அம்மா எதிரே சுருண்டு கிடந்தாள். கிணறு கிணறாக ஆள் இறங்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் குழந்தை கிணற்றிலிருந்து கிடைத்துவிட்டதோ என்று எழுந்து பார்ப்பேன். அப்படிக் கிடைத்தால் அவளுக்கும் வாழ்வில்லை, எங்களுக்கும் இல்லை. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். மலை மேலிருந்த சாமியையும் கூப்பிட்டேன். காலையில் அவர் கோயிலைத் தாண்டிக் கும்பிடாமல் போனவள் நான்.

வெயில் சாய்கிற நேரத்தில் சாலைப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஓட்டி வந்தவன் குழந்தையின் தாய்மாமன். பின்னால் கேரியரில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை நிறையப் புதுக் கண்ணாடி வளையல், தலையில் சிவப்பு ரிப்பன். மிட்டாயோடு ஏரிக்கரையின் மறுகோடிக்கு ஓடிப்போய் விளையாடிக்கொண்டிருந்தவளை, சந்தோஷப்படட்டும் என்று திண்டிவனம் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். வீட்டில் சொல்ல வேண்டும் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. ஊரே ஏன் கூடி நிற்கிறது என்று புரியாமல் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

அம்மாக்காரி ஓடிப்போய்ப் பிள்ளையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அப்புறம் வாரி எடுத்து நெஞ்சோடு நசுக்கினாள். வளையல்கள் உடைகிற சத்தம் கேட்டது. அந்தக் குழந்தை அழுகைக்கு நடுவில் அப்பாவைப் பார்த்துவிட்டு, "முட்டாயித் தாத்தா" என்றாள்.

அதன் பிறகு ஊரே மாறிவிட்டது. சொம்பில் தண்ணீர் வந்தது. கலர் சோடா வாங்கி வர ஒருவர் ஓடினார். பெரியவர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை விஷயம் பாருங்க, புத்தி மாறிப் போச்சுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா யாரையும் திட்டவில்லை. கண்ணாடியையும் குடையையும் மட்டும் கேட்டார். கண்ணாடி ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. குடைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலை நீட்டிய அந்த வாலிபன் தலையைக் குனிந்தபடியே என் கல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் வந்தான். ஜல்லி உடைக்கிற அம்மா எப்போதோ போய்விட்டிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது தூரத்தில் அவள் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கைகாட்டினேன். அவளும் சுத்தியலைத் தூக்கிக் காட்டினாள்.

விழுப்புரம் வந்ததும், அப்பா ஏரிக்கரையில் வழுக்கி விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னோம். அன்று இரவு நான் முடிவு செய்துவிட்டேன். போதும். யாருக்காக இந்த ஆராய்ச்சி? அப்பா "போக வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று காலையில் எழுந்திருக்காமல் போர்த்திக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் அந்தப் பாட்டில் அப்பாவின் உதட்டுக்குக் கிட்டே வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அப்பா. குளித்து, நெற்றிக்கு இட்டு, வீங்கின உதட்டோடு, விரிசல் விட்ட கண்ணாடியோடு, கையில் குடை.

"பஸ் போயிடும், எழுந்திரு" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோயிலுக்கு வந்தோம், பொண்ணு மேலே சாமி கும்பிடப் போயிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பி விட்டிருப்பார்களே, அது கூடவா உங்களுக்குத் தோன்றவில்லை என்று கத்தினேன்.

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "தோணிச்சும்மா. முதல் அடி விழுந்தப்பவே தோணிச்சு. ஆனா சொல்ல வாய் வரல. நீ செய்யறதை இல்லைன்னு நானே எப்படிச் சொல்றது?"

நான் எழுந்து முகம் கழுவினேன். அன்றைக்கு அதே ஊருக்குத்தான் போனோம். பத்து அடிக்கு ஒரு தரம் திரும்பிக் குடையைப் பார்த்துக்கொண்டேதான் மலை ஏறினேன். அந்தச் செம்மணிக் கல்தான் பிறகு என் பட்டத்துக்கே அடிப்படையானது. பெப்பர்மிண்ட் வாங்குவதை மட்டும் அப்பா நிறுத்திவிட்டார். ஜல்லி உடைக்கிற அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா படிச்ச பொண்ணு, இன்னும் ஒடச்சி முடிக்கலயா?" என்று வம்புக்கு இழுப்பாள். பிறகு எனக்கு அரசு வேலை கிடைத்தது. பெண் என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்த முகாம்களுக்கெல்லாம் சண்டை போட்டுப் போனேன். தனியாகவே போனேன். ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பா இப்போது இல்லை.

சில மாதங்களுக்கு முன்னால் மரக்காணம் போகிற வழியில் அந்த மலைக்கு எதிரே டீ குடிக்க வண்டியை நிறுத்தச் சொன்னேன். மலையிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. மேலே யார் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"காலேஜ் பொண்ணுங்கம்மா. மேல கல்லு பாக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.

அப்பாவுக்கு அன்றைக்கு அடி விழுந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அந்த மனிதர் அதை பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீ ஆற்றினார். என் தலைமுறைப் பெண்கள் அறிவியலில் என்ன சாதித்தீர்கள் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனாலும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் பார்த்தது மலை உச்சியை இல்லை, அடிவாரத்து மரங்களைத்தான். அந்தப் பெண்களுக்காகக் கீழே யாராவது ஒரு கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருக்கிறார்களா, பத்திரமாக இருக்கிறார்களா என்று என் கண் இன்னும் தேடுகிறது.